தெரியுதா?

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரிக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ "ம்" கொட்டுவாய். முப்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், உன் "ம்"முக்கு மட்டும் எந்த அகராதியிலும் பொருள் கிடைக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக் கூடம் ஒழுகுகிறது. போன மழைக்கு இரண்டு வாளி வைத்தேன். கொத்தனார் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "தளத்துல கோளாறு இல்லம்மா. அந்தப் பழைய ஆன்டெனா கம்பி நட்ட குழி இருக்கு பாருங்க, அது வழியாத்தான் தண்ணி இறங்குது. துருப்பிடிச்சு சும்மா நிக்குது. அதப் புடுங்கிட்டுக் குழிய அடைச்சாத்தான் ஒழுகல் நிக்கும்" என்றார்.

நான் உடனே சரி சொல்லவில்லை. அது அண்ணன் நட்ட கம்பி. வீடும் நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உன் முழங்காலோடு மாடிப்படி ஏறாதே.

ஒழுகும் தளத்தை முதலில் இரும்புத் தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். மூன்று நாள் வெயிலில் காயவிட வேண்டும். பூச்சு இரண்டு கை. ஒரு கை பூசிவிட்டு இரண்டு கை என்று சத்தியம் செய்வார்கள், கூட ஆள் நிறுத்திப் பார். முதல் கை காய்ந்தபின் தண்ணீர் கட்டி ஒரு பகல் விட்டுச் சோதிக்கச் சொல். சுவரும் தளமும் சேரும் மூலைகளில் வலைத்துணி ஒட்டிப் பூச வேண்டும். நான் வேலை பார்த்த கட்டடங்களில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

என் இடுப்பு அப்படியே இருக்கிறது. எப்போது சரியாகும் என்று டாக்டரும் அறியார், நானும் அறியேன். மற்றபடி விசேஷம் இல்லை.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால் இன்று கொஞ்சம் கருணை காட்டுகிறது.

"டாக்டரும் அறியார், நானும் அறியேன்." யாருடா இந்தக் காலத்தில் இப்படி எழுதுகிறார்கள்? அரண்மனையிலா லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறாய்? பூச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய மகராசன், கம்பியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ தலையைச் சுற்றிவிட்டு மூக்கைத் தொடாமலே கையை இறக்கிவிட்டாய்.

இன்னொரு சேதி. முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் வந்திருந்தார். கோப்பை விழா நடத்துகிற நம் ஊர் வெற்றி மன்றத்துக்கு இப்போது அவர்தான் செயலாளர். வருகிற செப்டம்பர் ஒன்பதோடு நம் நாடு கோப்பையை ஜெயித்து நாற்பது வருஷம் ஆகிறது. ஆட்டம் நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. ஆனாலும் எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் எட்டாம் நம்பர் பந்தை எப்படித் தள்ளினான், ஒன்பதாம் நம்பர் எந்தக் காலால் அடித்தான் என்று பக்கத்தில் நின்ற மாதிரி சொல்கிறார். என்ன செய்வது, அதற்குப் பிறகு நம் ஆட்கள் எதையும் ஜெயிக்கவில்லை. இருக்கிற ஒரு கோலைத்தானே வருஷா வருஷம் அடிக்க வேண்டும்!

இந்த வருஷ விழாவை நம் கூடத்தில் வைக்கலாமா என்று கேட்கிறார். தெருவின் முதல் டி.வி. நம்முடையது, தெருவே இங்கே உட்கார்ந்து பார்த்தது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அன்று இருந்தது நாற்பது பேர். இன்று "நானும் அங்கதான் இருந்தேன்" என்பவர்களைக் கூட்டினால் நானூறு தேறும்.

அவருக்கு அண்ணனைப் பற்றித் தெரியாது. அதே ஆட்டத்தின்போது, இதே மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்தொன்பது வயதுப் பையன் விழுந்து இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஊர் ஜெயித்த கதையை வைத்துக்கொண்டது, மற்றதை நம்மிடம் விட்டுவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று இங்கே இருந்தவர்களில் நம் வீட்டில் மிச்சம் நாம் இருவர்தான். நீ வருவாயா? நீ இந்த வீட்டு வாசற்படி மிதித்து அம்மா காரியத்தோடு பதினோரு வருஷம் ஆகிறது.

உன் அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்கு லிஃப்டுக்கும் வடம் மாற்ற வேண்டியிருந்தது.

விழாவுக்கு என்னால் வர இயலாது. அந்த விளையாட்டை நான் பார்ப்பதில்லை என்பது உனக்குப் புதிதல்ல. கூடத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். கொடுத்தால் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை உன் இடுப்பில் செருகிக்கொள். கூட்டம் என்றால் யாராவது ஏறுவார்கள். தளம் வழுக்கும்.

கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் பதிவு அழிந்துவிட்டதாக எங்கோ படித்தேன். பிறகு விழாவில் எதைத்தான் போடுகிறார்கள்?

தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. உன் வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல்.

நீ படித்தது சரிதான். டி.வி. நிலையத்தில் அதன்மேல் வேறு எதையோ பதிவு செய்து தொலைத்துவிட்டார்களாம். எட்டு நிமிடப் படம் மட்டும் மிச்சம், அதுவும் ஊமைப் படம். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் புண்ணியம் கட்டிக்கொண்டார். அன்று அவருக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற அவசரம். "நான் அப்புறமா கேட்டுக்கிறேன்" என்று தன் டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து, நம் டி.வி. பக்கத்தில் ஜன்னல் கட்டையில் ஓடவிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கேசட்டிலிருந்துதான் ஊரெல்லாம் பிரதி எடுத்தார்கள். மன்றத்தில் ஊமைப் படத்தோடு அதைச் சேர்த்துப் போடுகிறார்கள். வர்ணனை, கூடத்துக் கூச்சல், அப்பாவின் இருமல் எல்லாம் அதில் இருக்கிறது. உன் குரலும் இருக்கிறது.

கூடத்தைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் சுற்றிப் பார்த்தார். மூலையில் அந்த டி.வி. இன்னும் அம்மா திருப்பி வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தூசி தட்டுவேனே தவிர நானும் திருப்பியதில்லை. "ஏன்க்கா இது இப்படித் திரும்பி உக்காந்திருக்கு?" என்றார். "கோபம்" என்றேன். சிரித்தார்.

கம்பி?

உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பயந்துபோய் உன் வீட்டுக்கு போன் போட்டேன். "நல்லாத்தான் இருக்கார் அண்ணி. ஆனா உங்க லெட்டரைச் சட்டைப்பையிலயே வச்சுக்கிட்டுத் திரியுறார். நான் பாக்காம சட்டையோட தோய்ச்சுட்டேன், அதுக்கு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல" என்றாள். அப்படியானால் பதில் வெளுப்பாக வரும் என்று சொல்லிச் சிரித்தேன். போனை வைத்தபிறகு சிரிப்பு நிற்கவில்லை, வேறு ஏதோவாக மாறிவிட்டது.

நான் உன்னை விசாரணை செய்ய எழுதவில்லை. நேற்று ஒரு மழை பெய்தது. மூன்று வாளி.

உன் அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனம் இல்லை. இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கேசட்டில் என் குரல் இருக்கிறது என்று எழுதினாய். என்ன சொல்கிறேன் என்று எழுதவில்லை. கேட்டிருப்பாய். நானும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாதி அண்ணன் கம்பியைப் பிடிப்பது, இரண்டாம் பாதி நான் பிடிப்பது. அதுதான் எங்கள் ஏற்பாடு. அந்த அணிமேல் பைத்தியமாக இருந்தவன் அவன். பதினோரு பேர் படத்தையும் பத்திரிகையிலிருந்து வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தான். பாதி ஆட்டமாவது அவன் பார்க்க வேண்டும் அல்லவா. முதல் பாதியில் என் வேலை ஜன்னலோரம் நிற்பது. மேலிருந்து அவன் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பான். நான் படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் கத்துவேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நீ ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தனுப்பினாய். நான்தான் மேலே கொண்டுபோனேன். அவன் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்தான். கம்பி தானாகவே நின்றது. கீழே ஒருவர்கூட "படம் போச்சு" என்று கத்தவில்லை. கம்பி குழியில் நன்றாக உட்கார்ந்துவிட்டது, இனி அதற்கு ஆள் வேண்டாம் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவன் தாகத்தில் கவனிக்கவில்லை. நான் சொல்லவில்லை. சொன்னால் அவனும் கீழே வந்து முன்வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன்.

இடைவேளையில் "டேய், மேல வா, மாத்திக்கலாம்" என்று கூப்பிட்டான். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நான் ஜன்னலுக்கு ஓடிவந்து, "இறங்காத! நீ கைய எடுத்தா படம் போயிடுது! அப்படியே நில்லு!" என்று கத்தினேன்.

பொய் அக்கா. இரண்டாம் பாதி முழுவதும் அவன் கேட்டான், நான் அப்படியே நில்லு, அப்படியே நில்லு என்றேன். கோல் விழுந்தபோது யாரோ என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் கேட்டது ஒரு தடவை என் காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை. சத்தம் என்ன என்று எட்டிப் பார்க்கத்தான் அவன் குனிந்திருக்க வேண்டும். ஒரு தெருவுக்கே ஆட்டத்தைக் காட்டியவன் ஒரு பந்தைக்கூடப் பார்க்காமல் போனான்.

அம்மா "கால் வழுக்கிடுச்சு" என்றாள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

கம்பியை நீயே முடிவு செய். அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

தம்பி

ஜூலை 16

என் தம்பிக்கு,

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பொய்தான் சொன்னாய். இல்லை என்று சொல்லி உன்னை ஏய்க்கப் போவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை நல்ல இடத்தை விட மனமில்லாமல் சொன்ன பொய். ஆனால் அன்று பதில் சொல்லாமல் இருந்தது நீ மட்டும் இல்லை.

நான் அடுக்களையில் நாற்பது பேருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களை ஜன்னலுக்கு நேர் மேலேதான் மாடி. உன் காதில் ஒரு தடவை விழுந்தது. என் காதில் மூன்று தடவையும் விழுந்தது. "தெரியுதா?" கொஞ்சம் பொறுத்து மறுபடி "தெரியுதா?" அப்புறம் சிரிப்பும் கோபமுமாக "டேய், தெரியுதாடா?" என் கையில் வடிகட்டி. ஜன்னல் ஒரு எட்டு தூரம். தம்பி சொல்வான், அது அவன் வேலைதானே என்று டீயை வடிகட்டினேன். ஜன்னலைத் தாண்டி ஏதோ கீழே போன மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் யாரோ துணியை வீசுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பதினேழு வயசு தம்பி. பன்னிரண்டு இல்லை.

இதை அம்மாவிடம் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை.

நான் பிழை திருத்துகிறவள். தப்பாக இருக்கும் வார்த்தையைவிட இல்லாத வார்த்தைதான் என் கண்ணை முதலில் உறுத்தும். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து எழுதிய கடிதம் எல்லாம் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கிறது. எதிலும் "தெரியும்" இல்லை, "தெரியாது" இல்லை. அறியேன், விளங்கியது, புதிதல்ல. போன கடிதத்தில்கூட "அந்த ஒரு வார்த்தை" என்று ஒதுங்கிப் போயிருக்கிறாய். எனக்கு இது எப்போதோ பிடிபட்டுவிட்டது. அரண்மனை என்று கேலி செய்துகொண்டு இருந்துவிட்டேன். நேராகக் கேட்டால் என்னுடையதையும் சொல்ல வேண்டி வருமே.

இப்போது கேசட்டைப் பற்றிக் கேள். கோல் விழுந்து கூடம் அலறி, அலறல் ஒரு நொடி மூச்சு வாங்குகிறது. அந்த இடத்தில் தூரத்தில், மேலே, அண்ணன் கேட்பது பதிவாகியிருக்கிறது. மூன்றில் ஒன்றுதான், ஆனால் சுத்தமாகக் கேட்கிறது. மன்றத்துக்காரர்கள் அதை அந்தக் காலத்து ரசிகர் கோஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் "தெரியுதா?" என்று குரல் வந்ததும் மண்டபத்தில் முன்னூறு பேர் ஒரே வாயாக "தெரியுது!" என்று கத்துகிறார்கள். இடுப்பில் இருக்கிற குழந்தை வரைக்கும் கத்துகிறது. அது அண்ணன் குரல் என்று தெரிந்தவர் தையல்காரர் ஒருவர்தான். அந்த இடம் வருவதற்கு முன்னால் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார்.

நான் ஒவ்வொரு வருஷமும் போகிறேன். கடைசி வரிசையில் நிற்கிறேன். பிழைப்பே பிழை திருத்துவதுதான், இந்த ஒரு பிழையை மட்டும் திருத்த எனக்கு மனசு வரவில்லை. ஊரே வருஷா வருஷம் அண்ணனுக்குப் பதில் சொல்கிறது. வாய் திறக்காதது நாம் இரண்டு பேர்தான்.

வாடா.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். வாளி நான்காகிவிட்டது. அண்டா ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கொத்தனார் இனிமேல் தாங்காது என்கிறார்.

மருந்துக்கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கூடத்தில் எத்தனை நாற்காலி கொள்ளும் என்று அளந்துகொண்டிருந்தவர், அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இத்தனை வருஷம் நாங்க... இந்தத் தடவை யாரும் கத்த வேண்டாம்னு சொல்லிடவா?" என்றார்.

"கத்துங்க. இன்னும் சத்தமா கத்துங்க" என்றேன்.

கூடம் போதாது, தெருவிலும் நாற்காலி போடுகிறார்கள். உனக்கு ஒன்று ஜன்னலோரம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வராவிட்டால் அது காலியாக இருக்கும், அவ்வளவுதான். வேறு யாரும் உட்கார விடமாட்டேன்.

உன் அக்கா

செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ வாளி தூக்காதே, முழங்கால் போய்விடும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை. என் கூட்டாளி உச்சியில் மோட்டார் அறையில், நான் கீழே லிஃப்ட் குழியில். முப்பது வருடமாக எங்களுக்குள் "சரியா?", "சரி". வேறு வார்த்தை கிடையாது. காரணம் சொல்லாமல் நான்தான் அவனை அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். அன்று புது விளக்கு மாட்டினோம். அவன் என்ன நினைப்பில் இருந்தானோ, மேலிருந்து "தெரியுதா?" என்று கத்திவிட்டான்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பதில் சொன்னேன். "தெரியுது! இறங்கி வா!" அவனுக்குச் சொல்லவில்லை. ஆனால் குரல் பன்னிரண்டு மாடியும் ஏறிப் போனது. அவன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் படிவழியாகவே அத்தனை மாடியும் இறங்கி ஓடிவந்தான். "எதுக்குடா கூப்பிட்ட? என்ன ஆச்சு?" என்று மூச்சு வாங்கினான். ஒன்றுமில்லை என்று சொல்லிக் குழியிலிருந்து ஏறி வந்து உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் குழி விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

எட்டாம் தேதி வருகிறேன். மாடிக் கதவைப் பூட்ட வேண்டாம். டி.வி.யை இந்தப் பக்கம் திருப்பி வை. கொத்தனாரை இப்போது கூப்பிடாதே. ஒன்பதாம் தேதி கோல் விழும்வரை கம்பி நிற்கட்டும். மறுநாள் காலையில் நானே ஏறி அதை இறக்குகிறேன். கனமாக இருக்காது. ஆளே பிடிக்க வேண்டாத கம்பி அது, எனக்குத் தெரியும்.

ஜன்னலோர நாற்காலியை எடுத்துவிடு. அங்கே நான் நின்றுதான் பழக்கம். நீயும் அடுக்களையை விட்டு வந்து என் பக்கத்தில் நில். எனக்குக் குரல் எழும்பாவிட்டால் நீ ஆரம்பி. ஊர் வழக்கம்போல "தெரியுது" என்று கத்தட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளட்டும். மீதியை நாம் சொல்லிக்கொள்ளலாம். இறங்கி வா அண்ணா என்று.

உன் தம்பி